ஒரே தோப்பு, மூன்று வளர்ச்சி: மாந்தோப்பு மண்ணை எப்படிச் சோதிப்பது?

எங்கள் தோப்பு கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம், ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. 5 ஏக்கர். 30 அடிக்கு 30 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 48 வீதம் 240 மா மரங்கள். எல்லாமே பெங்களூரா இரக ஒட்டு. ஒரே ஆடியில், ஒரே இடத்தில் வாங்கி நட்டவை. இப்போது 15 வயது. கீழ்க்கோடி வரிசையில் நின்று மேலே பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கீழே அடிமரத்தின் சுற்றளவு 95 சென்டிமீட்டர் வரைக்கும் போகிறது. கரட்டை ஒட்டிய வரிசைகளில் 55ஐத் தாண்டிய மரம் இரண்டோ மூன்றோதான். நடுவில் ஒரு பட்டை இருக்கிறது. அங்கே மரம் சுமாரான பருமன், ஆனால் இளந்தளிர் வெளுத்துப்போய், இலை சின்னதாகி நிற்கிறது.

இந்தத் தோப்பை நானும் என் தாய்மாமாவும் சேர்ந்து பார்க்கிறோம். ஒவ்வொரு வருடமும் காய் இறங்கியதும் ஆடி கடைசியில் ஒரே பேச்சுதான்: இந்த வருடம் என்ன உரம், எவ்வளவு, யாருக்கு அதிகம்? மாமாவின் கணக்கு நேரானது. "இளைச்ச மரத்துக்கு ரெண்டு பங்கு வைப்பா, தேறிடும்." உரக்கடையில் கேட்டால் நுண்ணூட்டக் கலவை எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கோ மண்ணைச் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எண்ணம். சரி, எந்தச் சோதனை? அங்கேதான் நாங்கள் இரண்டு மூன்று வருடம் தடுமாறினோம். பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எங்களைப் போல ஏற்ற இறக்கமான நிலத்தில் மானாவாரியாகவோ, சொட்டு நீரைக் கொண்டு அரைகுறையாகவோ மரம் வளர்ப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன். மா என்று சொன்னாலும் புளி, தேக்கு, நெல்லி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

சோதிக்காமலே, எல்லா மரத்துக்கும் ஒரே அளவு

முதல் வழி, சோதனையே வேண்டாம் என்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை கையில் இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட மா மரம் ஒன்றுக்கு வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 1 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஒன்றரை கிலோ. புரட்டாசி வாக்கில் மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிமரத்திலிருந்து ஒன்றரை முதல் மூன்று அடி தள்ளி, கிளை விரிந்திருக்கும் ஓரம் வரைக்கும் போட்டுக் கொத்திவிட வேண்டும்.

இதை மூட்டைக் கணக்காக மாற்றினால்தான் எவ்வளவு பெரிய செலவு என்று தெரியும். ஒரு மரத்துக்கு யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஆறேகால் கிலோ, பொட்டாஷ் இரண்டரை கிலோ. எங்கள் 240 மரத்துக்கு யூரியா கிட்டத்தட்ட 12 மூட்டை, சூப்பர் 30 மூட்டை, பொட்டாஷ் 12 மூட்டை, அதற்குமேல் 12 டன் எரு. பெங்களூரா காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது. ஆலை விலை இறங்கிய வருடத்தில் இந்த உரச் செலவே கையைக் கடிக்கும்.

ஆனாலும் இந்த வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற தோப்புக்கு, அதுவும் ஒன்றிரண்டு ஏக்கருக்குள் என்றால், இது போதும். பல தலைமுறை ஆராய்ச்சியின் சராசரி அது. எங்கள் தோப்பில் சராசரி மரம் என்று ஒன்று இல்லையே, அதுதான் சிக்கல். மேலே நிற்கும் மரத்தால் அவ்வளவையும் எடுத்துக்கொள்ள முடியாது. கீழே நிற்கும் மரத்துக்கு ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிற மணிச்சத்தின் மேல் இன்னும் ஆறு கிலோ சூப்பரைக் கொட்டுகிறோம். மணிச்சத்து அளவுக்கு மீறினால் துத்தநாகத்தை வேர் எடுப்பது தடைப்படும். உரம் வீணாவதோடு நிற்காமல் இன்னொரு குறையையும் அதுவே கொண்டுவந்து விடுகிறது.

தோப்பு முழுவதற்கும் ஒரே மண் மாதிரி

இரண்டாவது வழியைத்தான் நாங்கள் முதலில் எடுத்தோம். தோப்பில் அங்கும் இங்கும் பத்துப் பதினைந்து இடத்தில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரை கிலோ மிஞ்சியதைத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வந்த தாளில் தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல் சத்து நடுத்தரம், கார அமிலத் தன்மை (pH) சாதாரணம். படித்துவிட்டு மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். மேல்பக்கம் ஏன் இளைத்திருக்கிறது, நடுவில் ஏன் வெளுத்திருக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த வருடம் தாளில் இருந்தபடி எல்லா மரத்துக்கும் ஒரே அளவு வைத்தோம். மேலே எந்த மாற்றமும் இல்லை.

தாள் தவறு செய்யவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைச் சொன்னது. சாம்பல் சத்து ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 280க்கு மேலே போனால் அதிகம் என்று வகைப்படுத்துகிறார்கள். மேல்பக்கம் 90, நடுவில் 180, கீழே 330 என்று ஒரு தோப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கலந்தால் 200. நடுத்தரம்! பட்டினியும் விருந்தும் ஒரே பையில் கலந்து 'பரவாயில்லை' என்று வெளியே வருகிறது.

2015இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தையும் இந்த இடத்தில் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல திட்டம், 12 காரணிகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். ஆனால் அதில் மாதிரி எடுக்க வகுத்த கட்டம் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர், மானாவாரியில் 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர். எங்கள் 5 ஏக்கரும் பக்கத்துக் காடுகளும் சேர்ந்து ஒரே எண்ணாக வந்திருக்கலாம். வட்டாரத்தின் நிலைமையை அறிய அது உதவும். கரட்டடி வரிசைக்கும் ஓடையோர வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் தேடக் கூடாது.

இன்னொரு விஷயம். மண் எடுப்பது பற்றிய துண்டறிக்கைகளில் 'மர நிழலில் எடுக்காதீர்கள், அரையடி ஆழம் போதும்' என்று இருக்கும். அது ராகிக்கும் கடலைக்கும் சொன்னது. தோப்பில் நமக்கு வேண்டிய வேர் அந்த நிழலுக்கு அடியில்தானே இருக்கிறது? பழத்தோட்டம் என்றால் 30, 60, 90 சென்டிமீட்டர் என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். முதல் தடவை இது எங்களுக்குத் தெரியவில்லை.

மரத்தை வைத்தே தோப்பைப் பிரிப்பது

மூன்றாவது வழிதான் எங்களுக்குக் கண் திறந்தது. மண்ணில் தொடங்காமல் மரத்தில் தொடங்குவது.

தையல் டேப் ஒன்று, ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட், ஒரு நோட்டு. அவ்வளவுதான் செலவு. ஒட்டுக் கட்டிய இடத்துக்கு ஓர் அடி மேலே, கிளை பிரிவதற்குள், அடிமரத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்தோம். அளந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு. அடுத்த வருடமும் அதே கோட்டில் அளந்தால்தான் கணக்கு நிற்கும். நாலு விரல் மேலே போனாலே அளவு மாறிவிடும். 240 மரத்தையும் அளக்க மாமாவுக்கும் எனக்கும் ஒன்றரை நாள் பிடித்தது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு மரத்துக்கு ஒரு கட்டம் என்று எழுதி, சின்னதுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், பெரியதுக்குப் பச்சை தீட்டினோம். தோப்பின் படம் நோட்டில் வந்துவிட்டது. நாங்கள் நினைத்திருந்தது போல மேலிருந்து கீழே சீராக மாறவில்லை. சிவப்பு ஓர் இடத்தில் நாக்கு நீட்டியது போல நடுவரைக்கும் இறங்கியிருந்தது. மூலையில், முன்பு எருக்குழி இருந்த இடத்தில், மேல்பக்கத்திலேயே ஐந்து மரம் பச்சை.

ஏன் சுற்றளவு? விளைச்சலை அளக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் பக்கம் பாதித் தோப்புகள் பூ வந்ததும் குத்தகைக்குப் போய்விடும். எந்த மரம் எத்தனை கிலோ என்று குத்தகைக்காரர் எழுதி வைக்கப் போவதில்லை. ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஓயும் மாவின் குணம், மழை, பனி என்று மகசூல் வருடத்துக்கு வருடம் ஆடும். அடிமரம் அப்படி இல்லை. 15 வருடத்தில் அந்த மரத்துக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. பார்க்கும்போது சுற்றளவின் வர்க்கத்தைப் பார்க்க வேண்டும்: 95க்கும் 55க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்கு போலத் தெரிந்தாலும், மரத்தை வெட்டிப் பார்த்தால் பரப்பு மூன்று மடங்கு.

படத்தை நம்புவதற்கு முன் சில மரங்களை விட்டுவிட வேண்டும். பட்டுப்போன இடத்தில் பிற்பாடு நட்ட போக்கிடக் கன்றுகள், வேலியோரம் பக்கத்து நிலத்துச் சாரத்தையும் சேர்த்து உறிஞ்சும் மரங்கள், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய மரங்கள். இரகமும் கலக்கக் கூடாது; அல்போன்சாவையும் பெங்களூராவையும் ஒரே அளவுகோலில் வைத்தால் இரகத்தின் குணத்தை மண்ணின் குணம் என்று எண்ணிவிடுவோம். ஒட்டு மேலே ஒன்றுதான் என்றாலும் அடியில் இருக்கிற வேர்க்கன்று கொட்டையிலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் வேறு. அதனால் பக்கத்துப் பக்கத்து மரத்தில் கொஞ்சம் வித்தியாசம் எந்த மண்ணிலும் இருக்கும். ஒற்றை மரத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல், பத்துப் பதினைந்து மரம் கூட்டமாக ஒரே நிறத்தில் இருக்கும் இடத்தைத்தான் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் சிவப்புக்கு, மஞ்சளுக்கு, பச்சைக்கு என்று தனித்தனியாக மண் எடுத்தோம். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு மரம், ஒவ்வொரு மரத்திலும் கிளை விரிவின் ஓரத்துக்கும் அடிமரத்துக்கும் நடுவில், மூன்று ஆழம். ஆக 9 பைகள். காய் இறங்கிய பிறகு, உரம் வைக்கும் முன்பு எடுக்க வேண்டும். உரம் வைத்த வட்டத்திலேயே தோண்டினால் மண்ணைச் சோதிக்காமல் போன வருட மூட்டையைச் சோதித்தது போல ஆகிவிடும்.

ஒரு குழி சொன்னது

9 தாளும் வந்தன. எதிர்பார்த்தது போலவே சிவப்பில் எல்லாம் குறைவு, பச்சையில் எல்லாம் ஓரளவு நன்று. "பாத்தியா, நான் சொன்னேனே, சத்து இல்ல, அதான் மரம் இல்ல" என்றார் மாமா. அந்த நேரத்தில் நானும் அப்படியே நினைத்தேன். இரண்டு பங்கு உரம் வைக்கும் முடிவுக்கே வந்துவிட்டோம்.

நல்லவேளை, 90 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி எடுக்கும்போது நடந்த ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சிவப்புப் பகுதியில் கடப்பாரை ஒன்றரை அடிக்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்றாவது பையை நிரப்ப ஒரு மணி நேரம் போராடி, வேறு வேறு இடத்தில் கிடைத்ததைச் சுரண்டித்தான் போட்டோம். ஆள் விட்டு ஒவ்வொரு பகுதியிலும் மார்பளவு குழி ஒன்று வெட்டச் சொன்னோம். கீழே நாலடிக்குக் கெட்டியான செம்மண், வேர் தாராளமாக இறங்கியிருக்கிறது. மேலே ஒரு முழத்துக்குச் சரளை, அதற்கடியில் பாறை. வேர் பாறையின் மேல் படுத்துப் பக்கவாட்டில் ஓடியிருந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்கு இது புதிதல்ல. கருங்கல் பாறை உதிர்ந்து உண்டான செம்மண் இது. கரட்டிலிருந்து மழை அரித்துக்கொண்டு வந்ததெல்லாம் பள்ளத்தில் சேர, மேட்டில் மேல்தோல் மட்டும் நிற்கிறது. மண்ணின் ஆழம் குறைந்த இடத்தில் ஈரம் நிற்காது, மட்கு சேராது, சத்தும் தங்காது, மரமும் வளராது. சத்துக் குறைவும் மரத்தின் இளைப்பும் ஒன்றாகத் தெரிகின்றன என்பதற்காக ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டுமே ஆழக் குறைவு என்ற ஒரே தாய்க்குப் பிறந்தவையாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் உரத்தைக் கூட்டுவதுதான் மர வளர்ப்பில் நம் காசு அதிகம் போகிற இடம் என்று நினைக்கிறேன்.

பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்ணைக் குழியோடு சேர்த்துப் படித்தால் இன்னொன்றும் புரியும். நிலையத்தில் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். சல்லடையில் நின்ற கல்லுக்குக் கணக்கில்லை. சரளை மூன்றில் ஒரு பங்கு என்றால், தாளில் இருக்கும் சத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நிலத்தில் உண்மையில் இருக்கிறது. ஒரு மரத்துக்கு 30 அடிக்கு 30 அடி, 900 சதுர அடி இடம். நாலடி ஆழம் என்றால் 3,600 கன அடி மண். ஒன்றரை அடி என்றால் 1,350. சரளையைக் கழித்தால் 900. ஒரே பருவமழையில் நனைந்தாலும் கீழ் மரத்துக்குக் கிடைப்பதில் கால் பங்கு மண்தான் மேல் மரத்துக்கு. தாளில் இரண்டுக்கும் ஒரே எண் வந்திருந்தாலும் கூட மரம் ஒன்றாக வளர்ந்திருக்காது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் தோப்புகள் காய்ந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். எங்கள் தோப்பில் அப்போது பட்ட கன்றுகள் எல்லாம் இந்தச் சிவப்புக்குள்தான் என்பது படத்தைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நடுப்பட்டையின் குழி வேறு கதை சொன்னது. ஆழம் இருக்கிறது, மூன்றடிக்கு மேல். ஆனால் முக்கால் அடியிலேயே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். தாளில் கார அமிலத் தன்மை 8.4, துத்தநாகம் குறைவு. தோப்பு வைக்கும் முன் நிலத்தை மட்டம் செய்தபோது அந்த இடத்தில்தான் மேல்மண்ணை வெட்டிக் கீழே தள்ளினார்கள் என்று மாமா அப்போதுதான் சொன்னார். மேல்மண் போன இடத்தில் அடியில் கிடந்த சுண்ணாம்பு மேலே வந்துவிட்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிர் நரம்பு பச்சையாக, நடுவில் வெளுத்துப் போவதும், இலை சிறுத்துக் கொத்தாக வருவதும் அதனால்தான். இங்கே சத்துதான் குறை. ஆழம் இல்லை.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில தோப்புகளில் தலைகீழாகவும் வரும்: நன்றாகக் காய்க்கிற மரத்தடியில் சாம்பல் சத்து குறைவாகவும், இளைத்த மரத்தடியில் அதிகமாகவும் காட்டும். மாங்காயோடு தோப்பை விட்டு அதிகம் வெளியேறுவது சாம்பல் சத்துதான். வருடா வருடம் லாரி ஏற்றுகிற மரம் மண்ணிலிருந்து எடுத்துவிட்டது. காய்க்காத மரம் எடுக்கவில்லை. இதைப் பார்த்து 'சாம்பல் சத்து கூடினால் மரம் இளைக்கும்' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

இலைப் பரிசோதனை எங்கே உதவும்

மண்ணில் என்ன இருக்கிறது என்பதைத்தான் மண் பரிசோதனை சொல்கிறது. மரத்துக்குள் என்ன போனது என்பதை இலைதான் சொல்லும். அந்த வகையில் பல வருடம் நிற்கும் மரத்துக்கு இலைப் பரிசோதனை மேல் என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாவில் 4 முதல் 7 மாத வயதுள்ள, காய்க்காத கிளையின் நடு இலையைக் காம்போடு, மரத்தின் நாலு திசையிலும் பறிக்க வேண்டும். காய் இறங்கிய பின் விட்ட தளிர் என்றால் மார்கழி, தை வாக்கில், பூ வருவதற்கு முன் அந்த வயதுக்கு வரும். தழைச்சத்து 1 முதல் 1.5 சதவீதம் இருந்தால் சரி.

இதில் இரண்டு கண்ணிகள். இலையில் வருவது சதவீதம். தண்ணீர் இல்லாமல் குறுகிப்போன மரத்தில் இருக்கிற கொஞ்சச் சத்தும் சின்ன உடம்புக்குள் அடர்ந்து, 'போதுமான அளவு' என்று காட்டும். செழித்த மரத்தில் பரவிப்போய்க் குறைவாகக் காட்டலாம். ஆனால் இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: இலையில் சத்து சரியாக இருந்தும் மரம் இளைத்திருக்கிறது என்றால், கோளாறு உரத்தில் இல்லை, குழி வெட்டிப் பார் என்று அர்த்தம்.

இரண்டாவது கண்ணி உப்பு. முற்றிய இலையின் நுனியும் ஓரமும் கருகினால் சாம்பல் சத்துக் குறை என்று உடனே பொட்டாஷ் மூட்டையைப் பிரிக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பாய்கிற தோப்பில் குளோரைடு மிகுந்தாலும் இலை அப்படியேதான் கருகும். நாம் சாதாரணமாக வாங்கும் பொட்டாஷிலேயே குளோரைடு இருக்கிறது; எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றினது போலாகிவிடும். அந்த இடத்தில் சல்பேட் வடிவப் பொட்டாஷ்தான் போட வேண்டும். தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

என் கருத்து: முதல் வருடமே இலைக்குப் போக வேண்டாம். பகுதி பிரித்து, குழி பார்த்த பிறகு, ஆழம் நன்றாக இருந்தும் மரம் சரியில்லாத பகுதிக்கு மட்டும் இலை அனுப்பலாம். எங்கள் கணக்கில் நடுப்பட்டை ஒன்றுதான் அதற்குத் தகுதி.

தோப்பு முழுவதையும் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மாதிரி எடுத்து, செயற்கைக்கோள் குறியோடு வண்ணப் படம் போட்டுத் தரும் வழியும் இருக்கிறது. ஐம்பது, நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கும், காகித ஆலைக்குச் சவுக்கும் தைலமும் வளர்ப்பவர்களுக்கும் அது கட்டுப்படியாகலாம். 5 ஏக்கருக்கு 40 மாதிரி என்பது எங்களுக்கு ஒத்து வராது. எங்கள் நோட்டுப் படமே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிட்டது.

நாங்கள் எடுத்த முடிவு

இந்த வருடம் எங்கள் தோப்பில் ஒரே அளவு கிடையாது.

சிவப்புப் பகுதிக்கு இரண்டு பங்கு உரம் என்ற பேச்சை விட்டுவிட்டோம். மாறாக, உரத்தைப் பாதியாக்கி, அதையும் இரண்டு தவணையாகப் பிரித்து, மழை ஈரத்தில் வைக்கிறோம். மிச்சமான காசு ஈரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவக் கரை, எரு 50க்குப் பதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, அதன்மேல் காய்ந்த இலையும் கொள்ளுத் தட்டையும் மூடாக்கு. ஆவணியில் இடையில் கொள்ளு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவது என்று பேசியிருக்கிறோம். பக்கத்து ஊர்க்காரரிடம் ஆட்டுக்கிடைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். கிடை மேல்பக்கம் மட்டும்தான், எருக்குழி மூலையில் அந்த ஐந்து மரம் பச்சையாக இருந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பாறையை நம்மால் தள்ளிவிட முடியாது. 95 சென்டிமீட்டர் மரம் அங்கே வராது என்பதை ஏற்றுக்கொண்டு, இருக்கிற மரம் வறட்சியில் பட்டுப்போகாமல் காப்பதுதான் அங்கே இலக்கு.

நடுப்பட்டைக்குப் பொதுப் பரிந்துரை அளவே. கூடுதலாகத் துத்தநாகத்தை இலை வழியாகக் கொடுக்கிறோம்: 100 லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் அரை கிலோ, இலை கருகாமல் இருக்க நீர்த்த சுண்ணாம்பு கால் கிலோ, தளிர் விரிந்து வரும்போது. இந்த மண்ணில் துத்தநாகத்தை வேரடியில் போட்டால் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சைப் பகுதியில் சூப்பர் பாஸ்பேட்டைப் பாதியாகக் குறைத்தோம். பொட்டாஷைக் குறைக்கவில்லை, காய் அதிகம் எடுப்பது அங்கேதான்.

உங்கள் தோப்பு சமதளமாக, மரங்கள் ஒரே சீராக இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரே கலவை மாதிரியும் பொதுப் பரிந்துரையும் போதும். இனிமேல்தான் கன்று வைக்கப் போகிறீர்கள் என்றால் அளக்க மரம் இருக்காது, அதனால் குழிதான் முதலில்; நாலைந்து இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு ஆழமில்லாத இடத்தில் மாவுக்குப் பதில் வேறென்ன வைக்கலாம் என்று யோசிக்கலாம். நிலத்தை மட்டம் செய்வதாக இருந்தால் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். எங்கள் நடுப்பட்டைக்கு 15 வருடம் முன்பு அதைச் செய்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தாள்களையும் நோட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, எலுமிச்சங்கிரி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையங்களுக்கோ போகலாம். வெறும் கையோடு போய் 'மரம் இளைச்சிருக்கு' என்று சொல்வதைவிட, படத்தோடு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாங்கள் செய்தது சரிதானா என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து மரத்துக்குப் பழையபடி ஒரே அளவு உரம், இன்னோர் ஐந்து மரத்துக்கு உரமே இல்லை என்று துணி கட்டி வைத்திருக்கிறோம். மேல்பக்கத்தில் சும்மா விட்ட அந்த ஐந்து மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்கு மனசு கேட்பதில்லை, ஒரு கூடை எருவாவது கொட்டலாம் என்கிறார். இரண்டு ஆடி போகட்டும் மாமா, அதே வெள்ளைக் கோட்டில் டேப் வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.